டீசல் வண்டியா, கேஸ் வண்டியா? – மூட்டைக் கணக்கு சொல்லும் விடை

புதிதாக லோடு வண்டி வாங்க நினைக்கும் வணிகர்களிடையே இன்று அதிகம் அடிபடும் கேள்வி இது. டீசல் வாங்கலாமா, கேஸ் வாங்கலாமா? பக்கத்துக் கடைக்காரர் கேஸ் வண்டி எடுத்து "பாதிச் செலவுதான்" என்கிறார். மண்டியில் இருக்கும் ஓட்டுநரோ, "சுமை ஏற்றினால் கேஸ் வண்டி மேம்பாலத்தில் திணறும், டீசல்தான் இழுக்கும்" என்கிறார். விற்பனையாளரோ தம்மிடம் இருப்பு உள்ள வண்டியே சிறந்தது என்கிறார். மூவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மூவரும் நம் கடைக் கணக்கைப் பார்த்துச் சொல்லவில்லை.

மளிகை வியாபாரத்தில் ஓர் அரிசி மூட்டையில் என்ன நிற்கும் என்பதை நமது வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தச் சிறு லாபத்திலிருந்துதான் ஐந்தாண்டு காலம் மாதாமாதம் வண்டித் தவணை கட்ட வேண்டும். வண்டித் தேர்வு தவறினால் வியாபாரம் நன்றாக நடந்தும் கையில் பணம் நிற்காது. ஆகவே இந்தக் கேள்வியை நிதானமாக, காகிதமும் பேனாவும் வைத்துக்கொண்டு பார்ப்போம்.

வண்டி ஏன் அவசியமாயிற்று?

ஒரு காலத்தில் மொத்தக் கொள்முதல் என்றால் கொத்தவால் சாவடியும் அதைச் சுற்றிய ஜார்ஜ் டவுன் தெருக்களும்தான். மாட்டு வண்டியும் மீன்பாடி வண்டியும் அந்த வேலையைச் செய்தன. 1996-இல் காய், கனி, பூ மொத்த அங்காடி கோயம்பேட்டுக்கு மாறியது. அரிசிக்குச் செங்குன்றம், பருப்பு, மிளகாய், மசாலாச் சாமான்களுக்குப் பாரிமுனை, காய்கறிக்குக் கோயம்பேடு என்று மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வணிகர்கள் மூன்று திசையிலும் போக வேண்டியதாயிற்று.

2005-இல் டாடா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி. டீசல் என்ஜின், 16 குதிரைத்திறன். நம் ஊர் மக்கள் அதற்குக் "குட்டி யானை" என்று பெயர் வைத்தார்கள். சிறு வணிகர் சொந்தமாகச் சரக்கு வண்டி வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் பரவலானது அதன் பிறகுதான். 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மகிந்திராவின் பொலேரோ பிக்கப் பெரிய சுமைக்கு நின்றது. அந்த நாளில் சரக்கு வண்டி என்றாலே பெரும்பாலும் டீசல்தான். அதனால் தேர்வுக் குழப்பம் எழவில்லை.

இரண்டு மாற்றங்கள் இந்த நிலையைப் புரட்டின. ஒன்று, 2019 மார்ச்சில் எண்ணூரில் திரவ இயற்கை எரிவாயு முனையம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் கையாளும் திறன் கொண்டது அது. அதைத் தொடர்ந்து சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் விநியோக உரிமை பெற்ற டோரண்ட் கேஸ் நிறுவனத்தின் வழியாக பெட்ரோல் பங்க்குகளில் சிஎன்ஜி கிடைக்கத் தொடங்கியது. மற்றொன்று, 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ்.6 விதி வந்தது. இதனால் டீசல் வண்டியின் உட்புறமே மாறிவிட்டது. அதைப் பின்னர் பார்ப்போம்.

"கேஸ்" என்று எதைச் சொல்கிறோம்?

இங்கே ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் "கேஸ் ஆட்டோ" என்றால் நெடுநாளாக எல்பிஜி ஆட்டோவைத்தான் குறிக்கும். வீட்டு அடுப்பில் எரிவதும் எல்பிஜிதான். இன்று சரக்கு வண்டிகளில் வருவது சிஎன்ஜி, அதாவது அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு. இரண்டும் வேறு வேறு. எல்பிஜி குறைந்த அழுத்தத்திலேயே திரவமாகிவிடும். சிஎன்ஜி வாயுவாகவே 200 பார் அழுத்தத்தில் உருளையில் அடைக்கப்படுகிறது. கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு அழுத்தம் அது. எல்பிஜியை லிட்டரில் அளப்பார்கள், சிஎன்ஜியைக் கிலோவில் அளப்பார்கள். அமெரிக்காவிலோ பெட்ரோலையே "கேஸ்" என்பார்கள். ஆகவே "கேஸ் வண்டி, டீசல் வண்டி" என்று வெளிநாட்டுக் கணக்கைக் காட்டி யாராவது பேசினால், அவர் பெட்ரோலைச் சொல்கிறாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தக் கட்டுரையில் கேஸ் என்பது சிஎன்ஜியையே குறிக்கும்.

டீசல்தான் இழுக்குமா?

இழுவை என்பது வேகம் அன்று. நின்ற வண்டியைச் சுமையோடு நகர்த்துவதற்கும், ஏற்றத்தில் ஏற்றுவதற்கும் வேண்டிய திருகுவிசையே இழுவை. ஓட்டுநர்கள் அதை "டார்க்" என்பார்கள். அதன் அளவு நியூட்டன் மீட்டர்.

நம் நகரில் மலை இல்லை, மேம்பாலம் உண்டு. வண்டியும் சரக்கும் சேர்ந்து 2,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 30 அடி தூரத்துக்கு 1 அடி உயரும் ஒரு பாலத்தில் அந்த வண்டி ஏறும்போது, ஏற்றத்துக்காக மட்டும் சுமார் 83 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்குக் கூடுதல் இழுவை வேண்டும். பாலத்தின் நடுவில் நெரிசலில் நின்று மறுபடி கிளம்பும்போதுதான் என்ஜினின் தரமும் கிளட்சின் ஆயுளும் தெரியும்.

டீசல் என்ஜின் காற்றை மிக அதிகமாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்ற வைக்கிறது. டர்போ சேரும்போது குறைந்த சுற்றிலேயே முழு இழுவை வந்துவிடும். பெரிய பிக்கப்களில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். டாடா இன்ட்ரா வகையில் டீசலில் ஓடும் வி30-க்கு 1,496 சி.சி. என்ஜின், 140 நியூட்டன் மீட்டர், 1,300 கிலோ சுமை. 2022-இல் வந்த வி20 சிஎன்ஜியிலும் பெட்ரோலிலும் ஓடும். அதற்கு 1,199 சி.சி. என்ஜின், 1,000 கிலோ சுமை. பெட்ரோலில் 106, சிஎன்ஜியில் 95 நியூட்டன் மீட்டர். ஒரே என்ஜின்தான், ஆனால் கேஸில் ஓடும்போது இழுவை பத்தில் ஒரு பங்கு குறைகிறது. எரிவாயு சிலிண்டருக்குள் காற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம். மகிந்திரா பொலேரோ பிக்கப்பின் 2,523 சி.சி. டீசல் என்ஜின் 200 நியூட்டன் மீட்டர் தரும்.

ஆனால் சிறிய வண்டிகளில் கதை தலைகீழ். பி.எஸ்.6 காலத்து ஏஸ் கோல்டில் டர்போ இல்லாத 702 சி.சி. டீசல் என்ஜின் 20 குதிரைத்திறன், 45 நியூட்டன் மீட்டர். அதே ஏஸ் கோல்டின் 694 சி.சி. பெட்ரோல் என்ஜின் 30 குதிரைத்திறன், 55 நியூட்டன் மீட்டர். அதாவது "டீசல்தான் இழுக்கும்" என்ற சொல் ஒரு டன்னுக்கு மேற்பட்ட வண்டிக்குப் பொருந்தும். முக்கால் டன் வண்டிக்குப் பொருந்தாது. மாருதி சூப்பர் கேரி 2020-இல் டீசலை விட்டுவிட்டு பெட்ரோல், சிஎன்ஜி என்று நின்றுகொண்டது. 2025 ஜூனில் வந்த ஏஸ் புரோவும் பெட்ரோல், இருவகை எரிபொருள், மின்சாரம் என்ற மூன்று வகையில்தான் வந்தது. சிறு வண்டியில் டீசலின் காலம் சுருங்கி வருகிறது என்பதற்கு இவை அடையாளம்.

வெளிநாடுகளில் பிக்கப்பின் பின்னால் டிரெய்லர் கோத்து இழுப்பவர்களும் இதே முடிவுக்குத்தான் வருகிறார்கள். தினமும் பெருஞ்சுமை, நீண்ட தூரம் என்றால் டீசல். எப்போதாவது இழுப்பவருக்கு டீசலின் கூடுதல் விலை திரும்ப வராது.

2020-க்குப் பிந்தைய டீசல் வண்டி

பழைய டீசல் வண்டியை நம் ஓட்டுநர்கள் எப்படியும் ஓட்டிவிடுவார்கள். தெரு மெக்கானிக்கே பாதி வேலையைப் பார்த்துவிடுவார். பி.எஸ்.6 டீசல் அப்படியன்று. புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று பல வண்டிகளின் சைலன்சர் பாதையில் உள்ளது. டி.பி.எஃப். என்பார்கள். அதில் சேர்ந்த கரியை வண்டி தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். ஆனால் அதற்குப் புகைபோக்கி நன்றாகச் சூடேற வேண்டும்; தடையில்லாமல் சிறிது தூரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும்.

மயிலாப்பூர் மாடத் தெருக்களிலும் உஸ்மான் சாலையிலும் சீரான வேகத்துக்கு எங்கே போவது? கடையிலிருந்து கிளம்பி இரண்டு கிலோமீட்டரில் நான்கு வீடுகளுக்குச் சாமான் இறக்கிவிட்டுத் திரும்பும் வண்டியின் புகைபோக்கி சூடேறுவதே இல்லை. வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். அப்போதும் கவனிக்காமல் ஓட்டினால் வண்டி பலம் இழந்து, கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும். சில வண்டிகளில் டி.இ.எஃப். என்ற யூரியாக் கரைசலும் ஊற்ற வேண்டும். அதில் தண்ணீர் கலப்பது வண்டியைக் கெடுக்கும் சிக்கனம்.

செங்குன்றத்திலிருந்து புறவழிச் சாலையில் ஓடி வரும் வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆகவே ஒரே ஊரில், ஒரே மாதிரி வண்டி ஒருவருக்கு நன்றாக உழைப்பதும் மற்றொருவருக்குச் சங்கடம் தருவதும் அவரவர் ஓட்டத்தைப் பொறுத்தது.

கிலோமீட்டர்க் கணக்கும் மூட்டைக் கணக்கும்

இனி கணக்குக்கு வருவோம். 2024 மார்ச் விலைக் குறைப்புக்குப் பின் சென்னையில் பெட்ரோல் லிட்டர் ரூ.100.75, டீசல் ரூ.92.34 என்று நின்றன. இந்த விலைகளையே எடுத்துக்கொள்வோம். சிஎன்ஜி கிலோ ரூ.90 என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மைலேஜும் நாம் எடுத்துக்கொண்ட உத்தேசமே. வாசகர்கள் தங்கள் வண்டியின் அளவையும் அன்றைய விலையையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் கணக்கு: மயிலாப்பூரில் ஒரு மளிகைக் கடை. கோயம்பேட்டுக்கு ஒரு நடை, பிறகு அக்கம்பக்கத்து வீட்டு விநியோகம், ஆக நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர். மாதம் 26 நாளில் 780 கிலோமீட்டர். சுமை 600 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு 13, டீசல் லிட்டருக்கு 17, சிஎன்ஜி கிலோவுக்கு 17 கிலோமீட்டர் என்று கொண்டால் மாத எரிபொருள் செலவு:

பெட்ரோல் – ரூ.6,045
டீசல் – ரூ.4,237
சிஎன்ஜி – ரூ.4,129

டீசலுக்கும் சிஎன்ஜிக்கும் வேறுபாடு மாதம் நூறு ரூபாய்தான். இந்த ஓட்டத்தில் டீசல் வடிகட்டித் தொல்லையைச் சுமக்க எந்தக் காரணமும் இல்லை. பெட்ரோலுக்கும் சிஎன்ஜிக்கும் மாதம் சுமார் ரூ.1,900 வேறுபாடு. சிஎன்ஜி வண்டியின் விலை ரூ.70,000 அதிகம் என்றால் அது திரும்ப வர மூன்று ஆண்டு ஆகும். இதுவே மாதம் 300 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றால் எட்டு ஆண்டு ஆகும். அவருக்குப் பெட்ரோலே போதும்.

இரண்டாவது கணக்கு: தியாகராய நகரில் ஒரு அரிசி மொத்த வியாபாரி. செங்குன்றத்துக்குப் போக வர 50 கிலோமீட்டர், நாளுக்கு இரண்டு நடை. அரிசி இப்போது 26 கிலோ மூட்டையாக வருவதன் காரணம் தெரிந்ததே. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான சிப்பத்துக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டதும் ஆலைகள் ஒரு கிலோ கூட்டிக்கொண்டன. 1,300 கிலோ டீசல் வண்டியில் 50 மூட்டை ஏறும். 1,000 கிலோ சிஎன்ஜி வண்டியில் 38 மூட்டைதான் ஏறும்.

டீசல் லிட்டருக்கு 12, சிஎன்ஜி கிலோவுக்கு 13 கிலோமீட்டர் என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு டீசல் ரூ.7.70, சிஎன்ஜி ரூ.6.92. சிஎன்ஜியே மலிவு என்று தோன்றும். ஆனால் ஒரு நடைக்கு டீசல் ரூ.385, அதை 50 மூட்டையால் வகுத்தால் மூட்டைக்கு ரூ.7.70. சிஎன்ஜி நடைக்கு ரூ.346, அதை 38 மூட்டையால் வகுத்தால் மூட்டைக்கு ரூ.9.11. கிலோமீட்டருக்கு மலிவான வண்டி மூட்டைக்கு விலை கூடிவிட்டது. மாதம் 2,600 மூட்டை கொண்டுவர டீசலுக்கு 52 நடை போதும். சிஎன்ஜிக்கு 69 நடை வேண்டும். கூடுதல் 17 நடைக்கு ஓட்டுநரின் நேரம், பங்கில் காத்திருப்பு எல்லாம் சேரும்.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த டீசல் வண்டி 50 மூட்டைக்கு இடம் வைத்துக்கொண்டு 38 மூட்டையோடு வந்தால் மூட்டைக்கு ரூ.10.13 ஆகிவிடும். சராசரியாக ஒரு நடைக்கு 42 மூட்டைக்கு மேல் ஏற்றுபவருக்கே டீசல் லாபம். அதற்குக் கீழே என்றால் கேஸ் லாபம். பெரிய வண்டி வாங்கிப் பாதிச் சுமையோடு ஓட்டுவது, பெரிய கடை பிடித்துப் பாதி அலமாரியைக் காலியாக வைப்பதற்குச் சமம்.

எரிபொருளுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

முதல் கணக்கில் வந்த மயிலாப்பூர் கடைக்கு இன்னும் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. வண்டிக் கடன் ரூ.6 லட்சம், வட்டி 10.5 சதவீதம், 60 மாதம் என்றால் தவணை சுமார் ரூ.12,900. ஓட்டுநர் சம்பளம் ரூ.18,000. இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர், சர்வீஸ் சராசரி ரூ.5,000 என்று வைத்தால் மொத்தம் ரூ.35,900. வண்டி ஓடினாலும் நின்றாலும் வேலை நாளொன்றுக்கு ரூ.1,380 போய்க்கொண்டே இருக்கும். நாளுக்கு 23 மூட்டை மட்டும் வருகிறது என்றால், எரிபொருளோடு சேர்த்து மூட்டைக்கு ரூ.67. அதில் எரிபொருள் ரூ.7 மட்டுமே!

ஒரு மூட்டையில் ரூ.67 தாங்குமா என்பதைக் கடைக்காரரே சொல்லட்டும். தாங்காது என்றால் அவர் செய்ய வேண்டியது கேஸா டீசலா என்று யோசிப்பதன்று. வாடகை வண்டி எடுப்பது, அல்லது பக்கத்துக் கடைக்காரர் இருவரோடு சேர்ந்து ஒரே நடையில் கொள்முதல் செய்வது, அல்லது குடும்பத்தில் ஒருவர் ஓட்டி ஓட்டுநர் சம்பளத்தை மிச்சப்படுத்துவது. மாறாக, அதே வண்டி காலையில் கொள்முதல், பகலில் வீட்டு விநியோகம், மாலையில் உணவகங்களுக்குச் சப்ளை என்று நாள் முழுவதும் உழைத்தால் அந்த ரூ.1,380 பல கைகளில் பங்கிடப்படும்.

மொத்த வியாபாரிக்கு நிலைமை வேறு. கடன் ரூ.9 லட்சத்துக்குத் தவணை ரூ.19,300, சம்பளம் ரூ.18,000, பராமரிப்பு ரூ.7,000, ஆக ரூ.44,300. அதை 2,600 மூட்டைக்குப் பங்கிட்டால் ரூ.17. எரிபொருள் ரூ.7.70 சேர்த்தால் மூட்டைக்கு ரூ.25-க்குள். இவருக்கு எரிபொருள் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே எரிபொருள் தேர்வு இவருக்குத்தான் உயிர்நாடி.

ஆர்.சி. புத்தகம் சொல்லும் எடை

கேஸ் உருளைக்கும் எடை உண்டு. மாருதி சூப்பர் கேரியில் பெட்ரோல் வகைக்கு 740 கிலோ சுமை என்றால் சிஎன்ஜி வகைக்கு 625 கிலோ. வித்தியாசம் 115 கிலோ, அதாவது நான்கு அரிசி மூட்டை. விளம்பரத்தைப் பார்க்காமல், வாங்கப் போகும் வகையின் ஆர்.சி. எடையைக் கேட்க வேண்டும்.

"ஏற்றினால் ஏறும்" என்பது இனி செல்லாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அதிகச் சுமைக்கு அபராதம் ரூ.20,000, அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் ரூ.2,000. கூடுதல் சரக்கை அங்கேயே இறக்கவும் வேண்டும். ஒரு விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கேட்பதும் எடையைத்தான்.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனத்துக்குப் பெர்மிட் தேவையில்லை. பெரிய பிக்கப்களில் சில வகைகள் இந்த வரம்பைத் தாண்டுகின்றன என்பதால் இதைக் கேட்டு வாங்குவது நலம். ஓட்டுநர் உரிமம் பற்றியும் ஒரு தெளிவு: 7,500 கிலோவுக்குக் குறைந்த வாகனத்துக்கு இலகு ரக உரிமமே போதும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் தீர்ப்பளித்துள்ளது. எஃப்.சி.யைப் பொறுத்தவரை முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, பிறகு ஆண்டுதோறும். பழைய டீசல் வண்டியை மலிவாக வாங்குபவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வரியில் கிடைக்கும் உதவி

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பயணிகள் காரைப் போலன்றி, தொழிலுக்கு வாங்கும் சரக்கு வண்டிக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். வண்டி கடையின் பெயரில், கடையின் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் போடப்பட்டிருக்க வேண்டும். வரவாக எடுத்த தொகைக்கு மீண்டும் தேய்மானம் கேட்க முடியாது. கம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கும், வரிவிலக்குள்ள பொருளை மட்டும் விற்பவர்களுக்கும் இந்த வரவு இல்லை. பெட்ரோல், டீசல், சிஎன்ஜி மூன்றும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால் எரிபொருளில் வரவு எடுக்க வழியில்லை.

பாதுகாப்பு

கேஸ் வண்டி வெடிக்கும் என்ற பயம் சிலருக்கு உண்டு. இயற்கை எரிவாயு காற்றைவிட லேசானது; கசிந்தால் மேலே போய்விடும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. தரையில் படிந்து நிற்கும். எனினும் 200 பார் அழுத்தம் விளையாட்டன்று. உருளையை மூன்று ஆண்டுக்கு ஒரு முறை நீரழுத்தச் சோதனைக்கு அனுப்புவது கட்டாயம். காலாவதியான உருளையில் நிரப்பக் கூடாது. வண்டியைக் காற்றோட்டம் இல்லாத கிடங்குக்குள் பூட்டி வைக்கக் கூடாது. வெளியில் பொருத்தும் கிட் வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் பொருத்தி ஆர்.சி.யில் பதிய வேண்டும். பி.எஸ்.6 பெட்ரோல் வண்டிகளில் இதற்கு 2022-இல் மத்திய அரசு அனுமதி அளித்தது; 3.5 டன் வரை செல்லும். வீட்டுச் சிலிண்டரை வண்டியில் வைப்பது சட்டப்படி குற்றம், உயிருக்கும் உலை.

மழைக்காலம் பற்றியும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நம் பகுதித் தெருக்கள் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. எந்த என்ஜினாக இருந்தாலும் தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யக் கூடாது. உள்ளே புகுந்த நீரை அழுத்த முடியாமல் என்ஜினின் உள்பாகம் வளைந்துவிடும். அழுத்தம் அதிகமான டீசலில் சேதம் இன்னும் கூடும். தள்ளிக் கொண்டுபோய் மெக்கானிக்கிடம் காட்டுவதே வழி. என்ஜின் பாதுகாப்புக்குத் தனி இன்சூரன்ஸ் பிரிவு உண்டா என்று பாலிசி எடுக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மின்சார வண்டியும் வரிசையில் நிற்கிறது. 2022 மே மாதம் அறிமுகமான ஏஸ் மின்வண்டிக்கு 600 கிலோ சுமை, ஒரு சார்ஜில் 154 கிலோமீட்டர் என்று சான்று. நாளுக்கு 30 அல்லது 40 கிலோமீட்டர் ஓடும் விநியோக வண்டிக்கு அது தாராளம். இரவில் நிறுத்திச் சார்ஜ் ஏற்றச் சொந்த இடம் உள்ளவர்கள் அதையும் கணக்கில் சேர்த்துப் பார்க்கலாம்.

யாருக்கு எது?

1. மாதம் 300, 400 கிலோமீட்டர், அரை டன் சுமை: வாடகை வண்டி. சொந்தமாகத்தான் வேண்டும் என்றால் பெட்ரோல்.

2. மாதம் 700 முதல் 1,500 கிலோமீட்டர், முக்கால் டன்னுக்குள், நகருக்குள்ளேயே ஓட்டம்: சிஎன்ஜி. கடைக்கும் கொள்முதல் இடத்துக்கும் இடைப்பட்ட வழியில் பங்க் இருக்க வேண்டும். பெட்ரோலிலும் ஓடும் இருவகை வண்டியானால் கேஸ் தீர்ந்தாலும் நடுவழியில் நிற்க வேண்டாம்.

3. ஒரு டன்னுக்கு மேல், நடைதோறும் முழுச் சுமை, நீண்ட சாலை ஓட்டம்: டீசல்.

4. பெரிய வண்டி, ஆனால் பாதி நாள் பாதிச் சுமை: ஒரு டன் சிஎன்ஜி வண்டி, பண்டிகைக் காலத்தில் மட்டும் வாடகைக்குப் பெரிய வண்டி.

வண்டி வாங்கும் முன் ஒரு மாதம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்: நாளுக்கு எத்தனை நடை, ஒவ்வொரு நடையிலும் எத்தனை மூட்டை, எத்தனை கிலோமீட்டர், எங்கே எவ்வளவு நேரம் காத்திருப்பு. நான்கே கட்டங்கள். பொங்கல், தீபாவளி மாதத்தை வைத்துக் கணக்குப் போடாமல் சாதாரண மாதத்தை வைத்துப் போடுங்கள். பிறகு அந்த நோட்டோடு விற்பனையாளரிடம் போங்கள். முழுச் சுமை ஏற்றி, உங்கள் வழித்தடத்திலேயே, உங்கள் ஓட்டுநரைக் கொண்டே ஓட்டிப் பார்க்கக் கேளுங்கள். மூட்டைக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகு கையெழுத்துப் போடுவோம்.